மேலே இருந்த இரண்டு வரி

உன் கம்பளிச் சட்டை இன்னும் அங்கேதான் தொங்குகிறது. சேர்வர் அறைக் கதவுக்குப் பின்னால், தீயணைப்புக் கருவிக்கு மேலே இருக்கிற ஆணியில். பழைய இயந்திரத்தை நிறுத்திக் கழற்றுவதற்காகப் போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை உள்ளே போனேன். அந்த அறையின் குளிர் உனக்குத் தெரியும், வெளியே பீலெஃபெல்டில் பனி கொட்டினாலும் அது பரவாயில்லை என்று இருக்கும். நான் வழக்கம்போல மேற்சட்டை கொண்டுபோகவில்லை. எட்டி உன்னுடையதை எடுத்துப் போட்டுக்கொண்டேன். கழுத்துப்பட்டியில் உன் தைல மணம். தலையிடி என்று நெற்றியில் பூசி, பிறகு கழுத்திலும் பூசி, மாடி முழுக்க மணக்க வைப்பாயே, அதுதான். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய்.

யாரில் ஆத்திரம் என்று கேட்பாய். முதலில் உன்னில். சுகமில்லாமல் போனதற்கு, போய்ச் சேர்ந்ததற்கு, ஒருவரையும் நோகாமல் போனதற்கு. பிறகு எங்கள் ஷெஃபில். இந்த ஜெர்மன் ஊரில் மேலாளரை அப்படித்தானே சொல்கிறோம். என்னில் ஆத்திரம் வந்தது அதற்குப் பிறகு, அரை மணித்தியாலம் கழித்து. அந்த அரை மணித்தியாலத்தைப் பற்றித்தான் உனக்கு எழுதவேண்டும்.

எங்கள் இருவரையும் தெரிந்தவர்கள் நாங்கள் சேர்ந்து திரிவதை ஒரு அதிசயமாகத்தான் பார்த்தார்கள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஒரே வாங்கில் இருந்தோம். பிறகு கணினி வேலைக்கான மூன்று வருட அவுஸ்பில்டுங் பயிற்சியிலும் ஒரே மேசை. பயிற்சியின் முதல் நாள் ஆசிரியர் எங்கள் நீளப் பெயர்களை மாற்றி மாற்றிக் கூப்பிட்டார். நான் எழும்பி நின்று திருத்தினேன். இரண்டாம் தரம் திருத்தும்போது குரல் உயர்ந்துவிட்டது. நீ என் சட்டையைப் பிடித்து இழுத்து இருத்தி, "விடடி, இன்னும் மூண்டு வருசம் கிடக்குதுதானே" என்றாய். மூன்று வருடமும் அவர் மாற்றித்தான் கூப்பிட்டார். நான் மூன்று வருடமும் திருத்தினேன்.

வேலையும் ஒரே இடத்தில் கிடைத்தது. நோயாளரை வானில் ஏற்றி இறக்கும் சின்ன நிறுவனம். சிறுநீரகம் பழுதானவர்களை வாரத்தில் மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கும் நிலையத்துக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவதுதான் முக்கிய வேலை. யாரை எந்த வீட்டில் எத்தனை மணிக்கு ஏற்றுவது என்கிற பட்டியல் காலை ஐந்து மணிக்குச் சாரதிகளின் கைத்தொலைபேசிக்குப் போகவேண்டும். அந்தப் பட்டியலைத் தயாரிக்கும் நிரலை எழுதியவள் நீ. வெள்ளிக்கிழமை போட்ட அடிப்படைப் பட்டியலை எடுக்கும், பிறகு ஒரு துணைக் கட்டளையைக் கூப்பிட்டு, இடையில் தொலைபேசியில் வந்த மாற்றங்களை அதில் சேர்க்கும். புதிதாக ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு வந்தவர், வீடு மாறினவர், இறந்தவர் எல்லாம் அந்த மாற்றங்களுக்குள்தான் வருவார்கள்.

உன் வேலைமுறையைப் பார்த்து நான் செய்யாத பகிடி இல்லை. எந்த நிரலையும் நீ கையால் ஓட்டிப் பார்த்துவிட்டு எழும்ப மாட்டாய். மணிக்கூட்டைப் பார்த்து, இன்னும் இரண்டு நிமிடத்தில் தானாக ஓடு என்று நேரம் குறித்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு கதிரையில் சாய்ந்து காத்திருப்பாய். கோழி அடைகாக்கிறது என்று நான் சாரதிகளிடம் சொல்லிச் சிரிப்பேன். உள்ளே போய் ஒருக்கால் ஓட்டினால் பத்து விநாடியில் முடிகிற அலுவல் அது. நீ அசையமாட்டாய். "கையால ஓடினது கணக்கில இல்லை" என்பாய். சொல்லிவிட்டு மறுபடியும் மணிக்கூட்டைப் பார்ப்பாய்.

காரணம் எனக்கும் தெரியும், நானும் அதே பரீட்சை எழுதினவள்தானே. லினக்ஸ் இயந்திரத்துக்குள் நாங்கள் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழையும்போது அது எங்களுக்கென்று ஒரு சூழலை ஆயத்தமாக வைத்திருக்கும். எந்த மொழி, எந்த வீட்டுக் கோப்புறை, ஒரு கட்டளையைச் சொன்னால் அதை எந்தெந்த இடத்தில் தேடுவது என்று சின்னச் சின்ன மாறிகள். அவற்றை எப்போதோ எழுதி வைத்துவிட்டு மறந்துவிடுவோம். நேரம் குறித்த வேலையை ஓட்டுவது நாங்கள் இல்லை, குரோன் என்கிற இன்னொன்று. அதற்கு எங்கள் ஏற்பாடு எதுவும் தெரியாது. நீ இதைச் சாரதிகளுக்குக்கூட விளங்கப்படுத்துவாய். "என்ர குசினியில சீனிப் போத்தல் எங்க எண்டு நான் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பன். நீ வந்தா முன்னால கிடக்கிற ரெண்டு தட்டையும் பாத்திட்டு, சீனி இல்லை எண்டு சொல்லுவாய்."

அதனால்தான் நேரப்பட்டியலின் மேலே இரண்டு வரி எழுதி வைத்தாய். முதல் வரி, கட்டளைகளை எந்தெந்த இடத்தில் தேடவேண்டும் என்பது. உன் துணைக் கட்டளை இருந்த இடம் அதில்தான் இருந்தது. இரண்டாவது வரி, ஏதாவது பிழைத்தால் யாருக்குக் கடிதம் போகவேண்டும் என்பது. அதில் உன் முகவரியும் என் முகவரியும். மாற்றங்கள் சேராவிட்டாலும் ஐந்து மணிக்கு ஒரு பட்டியல் போயே ஆகவேண்டும், ஒன்றும் இல்லாமல் சாரதிகள் முழிக்கக்கூடாது, அதே நிமிடம் எங்கள் இருவருக்கும் கடிதம் வரும், நாங்கள் எழும்பித் திருத்துவோம் என்பது உன் யோசனை. இத்தனை வருடத்தில் இரண்டு தரம் அப்படிக் கடிதம் வந்தது. இரண்டு தரமும் சாரதிகள் கோப்பி குடித்து முடிக்க முன்னர் திருத்திவிட்டோம்.

பிறகு உனக்கு வருத்தம் வந்தது. முதல் ஊசிக்கு ஆஸ்பத்திரிக்குப் போக இரண்டு நாள் இருக்கும்போது வேலைகளை என்னிடம் ஒப்படைத்தாய். தலையை மழித்துவிட்டு வந்திருந்தாய். நான் பார்க்காத மாதிரி இருக்கப் பாடுபட்டேன். எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதித் தந்தாய். நான் அதை வாசிக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். உன் கையெழுத்தைப் பார்க்க எனக்கு ஏலாமல் இருந்தது. ஏலாமல் இருந்தது என்பது ஒரு சாட்டு இல்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் உன் நேரப்பட்டியலை ஒழுங்குபடுத்துகிறேன் என்று தொடங்கினேன். எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. வரிகளை நேராக அடுக்கினேன், ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுதினேன். மேலே உன் இரண்டு வரியும் நின்றன. என் பெயரில் உள்ளே இருந்துகொண்டு பார்த்தேன். தேடும் இடங்கள் எல்லாம் எனக்கு முன்னமே சரியாக இருந்தன, பிழைக் கடிதம் வந்தும் கனகாலம். பிறகு இது எதற்கு என்று இரண்டையும் அழித்தேன். கையால் ஒருக்கால் ஓட்டினேன். பட்டியல் மாற்றங்களோடு பளிச்சென்று வந்தது. நாலு மணி ட்ராமைப் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை காலை போன பட்டியலில் ஒரு கிழவி இல்லை. சனிக்கிழமை ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு வந்தவர். ஞாயிற்றுக்கிழமை அவருடைய பெயரை மாற்றங்களில் போட்டிருந்தார்கள். ஆறு மணியிலிருந்து குளிர்ச்சட்டையும் தொப்பியும் போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு வாசல் கதிரையில் இருந்திருக்கிறார். வான் வரவில்லை. எங்கள் தொலைபேசி அன்று ஓயவே இல்லை, அவருக்கு இணைப்பும் கிடைக்கவில்லை. மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கும்போது பேச்சுக் குழறியிருந்தது. ஒரு கிழமை தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். உயிர் தப்பினார், ஆனால் பழைய நடை வரவில்லை.

அன்று ஷெஃப் முதலில் உன்னைத்தான் கூப்பிட்டார், படுக்கையில் ஊசி ஏறிக்கொண்டிருந்த உன்னை. உடனே நீ எனக்குத் தொலைபேசி எடுத்தாய். என் முதுகுக்குப் பின்னால் ஷெஃப் நிற்கிறார், இரண்டு கைத்தொலைபேசி அடிக்கிறது, எனக்கு எல்லாரிலும் எரிச்சல். உன் குரல் மெல்லியதாக இருந்தது.

"எடி, மேல ரெண்டு வரி எழுதினனான். அது கிடக்குதோ?"

"ஓம், ஓம். எல்லாம் கிடக்குது."

திரை எனக்கு முன்னால்தான் இருந்தது. நான் பார்க்கவில்லை. அழித்ததை மறந்துவிட்டேனா, மறந்தால் நல்லது என்று மறந்தேனா என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல ஏலாது. நீ, "அப்ப என்ர பிழைதான்" என்று சொல்லி வைத்துவிட்டாய்.

அதற்குப் பிறகு குரோனை நிறுத்திவிட்டு, ஆறு கிழமை நானே விடிய ஐந்து மணிக்கு வீட்டிலிருந்து உள்ளே நுழைந்து பட்டியலைக் கையால் ஓட்டினேன். ஒவ்வொரு நாளும் சரியாக வந்தது. சரியாக வரவர உன் நிரலில்தான் ஏதோ தடுமாற்றம் என்று எல்லாருக்கும் நம்பிக்கை கூடியது, எனக்கும் சேர்த்து. வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து நிரலை வாசிக்க வைத்தார்கள். துணைக் கட்டளை தோற்றாலும் நிரல் நிற்காமல் போகிறது, இது எழுதியவரின் பிழை என்று அவர் எழுதிக் கொடுத்தார். ஷெஃப் கடையில் விற்கிற மென்பொருள் ஒன்றைக் கொண்டுவந்து பூட்டினார். உன் நிரல் ஓய்ந்தது. ஐப்பசியில் நீயும் போனாய்.

உன் முப்பத்தொன்றாம் நாள் சடங்கு அன்று, சாப்பாடு முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, உன் மனுசன் என்னை உள்ளறைக்குக் கூப்பிட்டார். உன் நிரலை அச்சடித்த தாள்களைக் காட்டினார். ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்துகொண்டு நீ கேட்டு வாங்கினவையாம். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பென்சிலால் சரி போட்டிருந்தாய். கடைசிப் பக்கங்களில் சரிக்கோடு நடுங்கிப் போயிருந்தது. முதலிலிருந்து திரும்ப இன்னொரு நிறப் பென்சிலால் தொடங்கியிருந்தாய். "தங்கச்சி, எங்க பிழை விட்டவ எண்டு உங்களுக்கு விளங்குதோ?" என்று கேட்டார். விளங்கவில்லை என்றேன். அன்றைக்கு அது உண்மைதான்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை. உன் சட்டையைப் போட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் இருந்தேன். எல்லாவற்றையும் அழிக்கவேண்டும் என்பதால், அந்த வேலைக்கென்றே நீ உண்டாக்கின பயனர் பெயரில் முதல்தடவையாக உள்ளே நுழைந்தேன். உனக்குக் கடிதம் இருக்கிறது என்று ஒரு வரி வந்தது. அந்த இயந்திரத்துக்குள்ளேயே கிடக்கிற ஒரு பெட்டி, யாரும் திறப்பதில்லை. முகவரி வரி இல்லாவிட்டால் குரோன் பாவம் அங்கேதான் கொண்டுபோய்ப் போடும். இரண்டு கடிதங்கள் இருந்தன. ஒன்று சனிக்கிழமை ஐந்து மணி, ஞாயிறு ஓட்டம் இல்லை, மற்றது அந்தத் திங்கள் ஐந்து மணி. இரண்டிலும் ஒரே வசனம், துணைக் கட்டளையைக் காணவில்லை என்று. சனிக்கிழமையே சொல்லியிருக்கிறது. சனிக்கிழமை மாற்றம் எதுவும் இருக்கவில்லை, அதனால் பட்டியலில் ஒன்றும் தெரியவில்லை.

நேரப்பட்டியலைத் திறந்தேன். மேலே என் வடிவான விளக்கம்தான் இருந்தது. உன் இரண்டு வரியும் இல்லை.

குரோனைத் திரும்ப எழுப்பிவிட்டு, நீ செய்கிற மாதிரியே செய்தேன். இரண்டு நிமிடத்தில் ஓடு என்று நேரம் குறித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். பட்டியல் வந்தது, மாற்றங்கள் இல்லாமல். உன் இரண்டு வரியையும் எழுதினேன், திரும்ப இரண்டு நிமிடம். மாற்றங்களோடு வந்தது. எடுத்தேன், காத்திருந்தேன், இல்லை. போட்டேன், காத்திருந்தேன், இருந்தது. ஏழு தரம் அப்படிச் செய்தேன். ஏழாம் தரம் செய்யும்போது நான் எதையும் பரிசோதிக்கவில்லை, எழும்பி வெளியே போகப் பயந்துகொண்டு இருந்தேன்.

பயம் எதற்கு என்றால், அந்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் முறைப்பாட்டை விசாரிப்பவர்களுக்கு இறுதி அறிக்கை போகவேண்டும். கிழவியின் மகள் முறைப்பாடு கொடுத்திருந்தார். ஷெஃப் அறிக்கையை எழுதி, இயந்திரத்துக்குப் பொறுப்பானவள் என்று என் கையெழுத்துக்காக மேசையில் வைத்திருந்தார். காரணம் என்கிற இடத்தில் உன் முழுப் பெயர், இந்தத் தடவை ஒரு எழுத்தும் பிசகாமல். நிரல் எழுதியதில் பிழை, சம்பந்தப்பட்டவர் இப்போது உயிரோடு இல்லை, எனவே மேற்கொண்டு நடவடிக்கை தேவையில்லை.

நான் இரண்டு கடிதங்களையும் அச்சடித்துக்கொண்டு போய் அவருக்கு முன்னால் வைத்தேன். வரிகளை எடுத்தவள் நான் என்று சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை, உனக்கும் தெரியும். கதவைச் சாத்தினார், தண்ணீர் ஊற்றித் தந்தார். எனக்கு இரண்டு பிள்ளைகள் இருப்பதை ஞாபகப்படுத்தினார். நான் இதைச் சொல்லப்போனால் பொறுப்பில்லாமல் வேலை செய்ததாக எனக்கு எழுத்தில் எச்சரிக்கை தரவேண்டி வரும், அதற்கு மேலும் போகலாம் என்றார். நிரல் நிற்காமல் ஓடியதும் உண்மைதானே, அறிக்கையில் பொய் இல்லையே என்றார். கடைசியாகக் குரலைத் தணித்து, அவளுக்கு இனி இதால் ஒரு நட்டமும் இல்லை, அவள் இருந்திருந்தால் விட்டுவிடு என்றுதான் சொல்லியிருப்பாள் என்றார்.

அதுதான் என்னைக் கிளப்பியது. உன்னை எனக்குச் சொல்லித்தர வந்துவிட்டார். நீ விடு என்றுதான் சொல்லியிருப்பாய், அதுவும் உண்மை. அந்த உண்மையை எடுத்து உனக்கு எதிராகவே வைக்க அவருக்கு ஒரு உரிமையும் இல்லை. நான் எழும்பி நின்றேன்.

"செத்தவளுக்குக் கோபம் வராது என்றுதானே அவளின் பெயரைப் போட்டிருக்கிறீர்கள். எனக்கு வரும்" என்றேன். ஜெர்மன் மொழியில் சொன்னேன், ஒவ்வொரு சொல்லாக.

நாளைவரை யோசிக்கச் சொன்னார். நான் நாளைவரை இருக்கவில்லை. என் மேசைக்குப் போய்க் காரணம் என்கிற பகுதியைத் திரும்ப எழுதினேன். நேரம் குறித்த வேலைக்கு வேண்டிய இரண்டு சூழல் மாறிகளை நான் நீக்கினேன். சரியான முறையில் பரிசோதிக்கவில்லை. கேட்டபோது பார்க்காமல் பதில் சொன்னேன். நிரல் எழுதியவர் இப்படியான தோல்விக்கு ஏற்பாடு செய்து வைத்திருந்தார், அந்த ஏற்பாட்டையும் நானே நீக்கினேன். கீழே கையெழுத்துப் போட்டு, மகளின் முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்து, மத்தியானத்துக்கு முன் நானே தபாலில் சேர்த்தேன். ஷெஃப் பார்த்துக்கொண்டு நின்றார், தடுக்கவில்லை.

அபுமானுங் என்கிற எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இயந்திரங்களுக்கு இனி நான் தனியாகப் பொறுப்பு இல்லை, நான் தொடுகிற எதையும் இன்னொருவர் பார்க்கவேண்டும். வேலை இருக்கிறது, இப்போதைக்கு. அறிக்கையை மாற்றச் சொன்னால் மாற்றமாட்டேன் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது, அதனால் கேட்பதில்லை. கிழவிக்கு என் பெயரில் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பதில் இல்லை. பதில் எழுதவேண்டிய கடமை அவருக்கு இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போனேன். பெல்லை அடித்துவிட்டுத் திரும்பி ஓடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன், சத்தியமாக. உன் மனுசன் கதவைத் திறந்து, "வாங்கோ" என்றார். அறிக்கையின் பிரதியை அவரிடம் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தார். தொழிற்சொற்கள் விளங்கியிருக்காது, ஆனால் மூன்றாவது வசனத்தில், கேட்டபோது பார்க்காமல் பதில் சொன்னேன் என்கிற இடத்தில் நின்றுவிட்டார். ஆர் கேட்டது என்று கேட்டார். நீ என்றேன். ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்த அந்த அழைப்பை முழுக்கச் சொன்னேன், என் "ஓம்" உட்பட.

அவர் கதிரையில் இருந்தார். என்னை இருக்கச் சொல்லவில்லை. தேத்தண்ணி கேட்கவில்லை. "ரெண்டு பென்சில் முடிச்சவ, தங்கச்சி" என்றார். வேறு ஏதாவது சொல்லியிருந்தால் நான் வாதாடியிருப்பேன், எனக்கு அது வரும். மன்னியுங்கோ என்று கேட்க வாய் எடுத்தேன், கேட்கவில்லை. அவர் இல்லை என்றால் அவருக்குப் பாரம், ஓம் என்றால் எனக்குச் சுகம். அந்தச் சுகம் எனக்கு வேண்டாம். உன்னிடம்தான் அதைக் கேட்கவேண்டும், நீ இல்லை. அந்த "ஓம்" என்னோடேயே கிடக்கட்டும், நான் சுமப்பேன். யாரும் வந்து இறக்கிவைக்க நான் விடமாட்டேன்.

வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் தாளைக் கையில் பிடித்தபடி பின்னால் வந்தார். திரும்பவும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விரலால் தடவித் தேடினார்.

"அவவின்ர பேர் ஒரு இடத்திலயும் இல்லைத்தானே?"

"இல்லை, அண்ணை. என்ர பேர்தான் கிடக்குது."

இந்தத் தடவை பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.